ரோலின் தேற்றமும் நம் பிள்ளைகளும்

அன்புள்ள சேது,

மாற்றல் கிடைத்த செய்தி வந்தது. மிக்க மகிழ்ச்சி. வீட்டில் அனைவரும் நலம். பெரியவர் உன்னை விசாரித்தார், வழக்கமான வசவோடுதான். மணி மறுபடியும் வீடு மாறிவிட்டான். இந்த முறையும் மாடிதான்.

எழுத உட்கார்ந்தது வேறொன்றுக்காக. இந்தப் பருவம் ரியல் அனாலிசிஸ் என்ற கணிதப் பாடம் என் பொறுப்பு. அகமதிப்பீட்டுத் தேர்வில் ரோலின் தேற்றத்தை நிறுவச் சொல்லியிருந்தேன், பத்து மதிப்பெண். உனக்குத் தெரிந்ததுதான்: இடைவெளி முழுதும் தொடர்ச்சியாக, உள்ளே எங்கும் வகையிடத்தக்கதாக, இரு முனையிலும் ஒரே மதிப்போடு இருக்கும் சார்புக்கு, நடுவில் எங்காவது வகைக்கெழு, அதாவது தொடுகோட்டின் சாய்வு, சுழியாகும். பாதி வகுப்புக்கு மேல் முழு மதிப்பெண். தாளுக்குத் தாள் அதே நிறுவல், அதே வரிகள். நன்றாக எழுதியிருந்த ஒருத்தியை அழைத்து, எண்ணின் குறியை விட்டு அளவை மட்டும் தரும் மட்டுச் சார்பின், அதாவது |x|-இன், படத்தை -1 முதல் 1 வரை பலகையில் போடச் சொன்னேன். அழகாகப் போட்டாள். "இரு முனையிலும் மதிப்பு 1, தொடர்ச்சியும் இருக்கிறது. வகைக்கெழு சுழியாவது எங்கே?" என்றேன். கூர்முனையைத் தொட்டுக் காட்டினாள். "அங்கே தொடுகோடு வரையம்மா." சாக்பீஸ் பலகையில் வைத்தபடியே நின்றுவிட்டது. வகையிடத்தக்கதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனைக்கு அவள் சிவப்பில் அடிக்கோடிட்ட விடைத்தாள் என் மேசைமேல்தான் கிடந்தது, சேது.

அதே கேள்வியை நான்கு மதிப்பெண் வாங்கிய பையனிடம் கேட்டேன். தமிழ் வழியில் படித்து வந்தவன்; ஆங்கிலத்தில் ஒரு வாக்கியத்தை முடிக்கத் திணறுவான். தமிழில் சொல்லச் சொன்னதும், "இடப்பக்கம் சாய்வு -1, வலப்பக்கம் 1. எதை சார் தொடுகோடு என்பது? தேற்றம் இங்கே செல்லாது" என்றான். இந்த இரண்டு பேரில் யாருக்கு ரோலின் தேற்றம் தெரியும், நீயே சொல்.

அகமதிப்பீடு 25, பல்கலைக்கழகத் தேர்வு 75 என்று வைத்திருக்கிறோம். அந்த 25-இலும் பெரிய தேர்வின் குட்டியைத்தான் நடத்துகிறோம். பத்து மதிப்பெண்ணையாவது வாய்மொழித் தேர்வுக்கு ஒதுக்கலாம் என்று துறைக் கூட்டத்தில் சொன்னேன். ஐம்பது பேர், ஆளுக்குப் பத்து நிமிடம், எட்டு மணி நேரத்துக்கு மேல் யார் உட்காருவது என்றார்கள். நியாயமான கேள்வி. அதைவிட நியாயமானது, வேண்டியவருக்குச் சலுகை காட்டுவோம் என்ற பயம். கூச்சப்படும் பிள்ளைகள் அடிபடுவார்களே என்பதுதான் என் கவலை. இரண்டு ஆசிரியர்கள் இருக்கட்டும், பேச வராதவர் பலகையில் எழுதட்டும், தமிழோ ஆங்கிலமோ அவரவர் விருப்பம் என்றேன். அதற்குள் தேநீர் வந்துவிட்டது, பேச்சு விடுப்புக் கணக்குக்குப் போய்விட்டது. எனக்கு ஆத்திரமான ஆத்திரம்.

ஒரு காலத்தில் கேம்பிரிட்ஜில் டிரைபாஸ் என்ற கணிதப் பட்டத் தேர்வின் முதலிடத்துக்காக மாணவர்கள் தனிப்பயிற்சியாளரிடம் வேகமாகக் கணக்குப் போட்டுப் பழகினார்கள். அப்படிப் பழகியவர்களில் ஒருவரான கணித மேதை ஹார்டியே அந்த முறையை எதிர்த்தார். 1909-ஆம் ஆண்டோடு தரவரிசை வெளியிடுவதை நிறுத்தினார்கள். அவ்வளவு பழைய தேர்வை அவர்களால் மாற்ற முடிந்தது. நாம் பத்து மதிப்பெண்ணுக்குத் தயங்குகிறோம்.

வாய்மொழித் தேர்வு கிடைக்காவிட்டாலும் வினாத்தாளையாவது மாற்றலாம் இல்லையா? "நிறுவுக" என்பதோடு, "இந்த நிபந்தனையை எடுத்துவிட்டால் தேற்றம் எங்கே உடைகிறது, ஓர் எடுத்துக்காட்டுத் தருக" என்று ஒரு வரி. தொடர்களுக்கும் அப்படியே: உறுப்புகள் சுழியை நெருங்கினால் தொடர் ஒருங்குமா, அதாவது கூட்டுத்தொகை ஓர் எண்ணில் நிலைக்குமா? அப்படி நெருங்கியும் கூட்டுத்தொகை எல்லையின்றி வளரும் 1 + 1/2 + 1/3 என்று போகும் தொடரைச் சொல்பவனுக்குத் தாராளமாகப் போடலாம்.

நீ போட்டுவைத்த எதிர் எடுத்துக்காட்டுகள் ஒரு நோட்டு நிறைய இருந்தனவே, அதை அனுப்பு. சோம்பேறித்தனம் பண்ணாதே. பாடத்திட்டக் குழு அடுத்த மாதம் கூடுகிறது. வெறும் வாதத்தோடு போகாமல் மாதிரி வினாத்தாளோடு போக நினைக்கிறேன்.

அன்புடன்,
ராகவன்