நூல் இருந்தும் கிடைக்கவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளியில் படிக்கும் மகளுக்காக ஒரு மின்நூலகத்தில் தேயிலை பற்றிய பழைய நூல்களைத் தேடினேன். ‘தோட்டம்’ என்று போட்டால் கொஞ்சம்தான் வந்தன. ‘தோட்டத்தில்’ என்று போட்டதும் வேறு நூல்கள் வந்தன. வேற்றுமை உருபு சேர்ந்தால் சொல்லே உருமாறும் மொழி நம்முடையது. தேடுபொறி அதை அறிய வேண்டாமா? ஊட்டி, உதகை, உதகமண்டலம் மூன்றும் ஒரே ஊர். நீலகிரிப் பழங்குடியினர் ஒருவரையே தோடர் என்றும் தொதவர் என்றும் எழுதுகிறோம். இது எதுவும் அதற்குத் தெரியவில்லை. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான நூல்களில் ணை, லை, னா போன்றவை பழைய வடிவில் இருக்கும். கணினி அவற்றைத் தவறாகப் படித்தால், நூல் இருந்தும் இல்லாத மாதிரிதான்.

பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்தவர்களின் உழைப்பை மனதார மதிக்கிறேன். சரி, அடுத்து? மலையூர் கிளை நூலகம் ஒன்றில் இரண்டு நாள் உட்கார்ந்து, வாசகர்கள் எந்தச் சொல்லைத் தட்டுகிறார்கள், எங்கே சலித்து எழுந்து போகிறார்கள் என்று அவர்கள் பார்க்க வேண்டும். நூலகர் சட்டென்று சொல்லும் மாற்றுச் சொற்களைத் தொகுத்துத் தேடலோடு இணைக்க வேண்டும். மழைக்காலத்தில் இணையம் விட்டுவிட்டு வரும் எங்களுக்கு முதல் தேடலிலேயே நூல் கிடைப்பது பெரிய உதவி.

– ஒரு வாசகி, கோத்தகிரி