ஆட்சிமுறை மாறினால் மாநிலங்களுக்கு விடிவா? – தம்பிக்கு ஒரு கடிதம்

அன்புள்ள தம்பிக்கு,

உன் ஆய்வுக் கட்டுரையைப் படித்தேன். சர்வாதிகாரம் வந்தால் மாநிலங்களின் அதிகாரம் பறிபோகும், ஜனநாயகம் திரும்பினால் அதுவும் தானாகத் திரும்பும் என்கிறாய். முதல் பாதியில் எனக்கு வழக்கில்லை. ஹிட்லர் பதவியேற்று சரியாக ஓராண்டில், 1934 ஜனவரி 30-ல், ஜெர்மானிய மாநிலச் சட்டமன்றங்கள் ஒழிக்கப்பட்டன. பிரேசிலில் 1937-ல் சர்வாதிகாரி வர்காஸின் ஆட்சி மாநிலக் கொடிகளை எல்லோரும் பார்க்க எரித்தது.

இரண்டாம் பாதியைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை. நைஜீரியாவைப் பார். 1966 மே மாதம் ராணுவ ஆட்சியாளர் ஜெனரல் இரோன்சி 34-ஆம் ஆணையின் மூலம் கூட்டாட்சியையே ரத்து செய்தார். ஜூலையில் அவரைக் கொன்றுவிட்டு வந்த இன்னொரு ராணுவத் தலைவர் கோவனின் ஆட்சி கூட்டாட்சியை மீட்டது. ஆனால் மறு ஆண்டே நான்கு பெரிய மாகாணங்களை 12 மாநிலங்களாக உடைத்தது. பிறகு 19, 21, 30, கடைசியில் 1996-ல் 36. அத்தனையும் ராணுவ ஆட்சிகளின் கைவேலை. தங்களுக்கென மாநிலம் வேண்டும் என்று சிறுபான்மை இனங்கள் கேட்டதும் உண்மை, அந்தக் கோரிக்கையில் நியாயமும் இருந்தது. ஆனால் விளைவைக் கவனி. அந்த நான்கு மாகாணங்களால் மத்திய அரசை எதிர்த்து நிற்க முடிந்தது. இந்த 36-இல் பெரும்பாலானவை மாதாமாதம் தலைநகர் அபுஜாவில் மத்திய அரசு பிரித்துக் கொடுக்கும் பங்கை நம்பித்தான் சம்பளமே போடுகின்றன. 1963 அரசியலமைப்பு கனிம உரிமைத்தொகையில் (ராயல்டியில்) பாதியை அது கிடைத்த மாகாணத்துக்கே கொடுத்தது. 1999-ல் ராணுவம் எழுதிக் கொடுத்துவிட்டுப் போன அரசியலமைப்பில் அது 'குறைந்தது 13 சதவீதம்' என்றானது. தளபதிகள் போய்விட்டார்கள். அவர்கள் கிழித்த எல்லையும் பூட்டிய கஜானாவும் இன்றும் அப்படியே இருக்கின்றன. இதை 'ஜனநாயகம் திரும்பியது' என்ற ஒரே வரியில் நீ கடந்து போனது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

பிரேசிலின் கதை நேரெதிர். அங்கே ராணுவ ஆட்சி முடியும் முன்பே, 1982-ல், மாநில ஆளுநர்களை (நம் முதல்வர்களைப் போல மாநிலத்தை ஆள்பவர்கள்) மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். சாவோ பாவ்லோ, ரியோ, மினாஸ் ஜெராயிஸ் மூன்றும் எதிர்க்கட்சிகளிடம் போயின. அதிபரை நேரடியாகத் தேர்ந்தெடுக்க 1989 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. இடையில் எழுதப்பட்ட 1988 அரசியலமைப்பில், மக்கள் வாக்கோடு நின்ற ஆளுநர்களின் கை ஓங்கியிருந்ததில் வியப்பென்ன? மத்திய அரசின் வருமான வரியிலும் தொழிற்பொருள் வரியிலும் 21.5 சதவீதம் மாநிலங்களுக்குப் பிரித்துக் கொடுக்கும் நிதியத்துக்கு என்று உறுதியானது. அந்த வெற்றியும் முழுசாக நிலைக்கவில்லை. மாநிலங்கள் கடனில் மூழ்கின. 1997-ல் அந்தக் கடனை ஏற்றுக்கொண்ட மத்திய அரசு, பதிலுக்குச் செலவில் கட்டுப்பாடு கேட்டது. மாநில அரசுகளுக்குச் சொந்தமான பல வங்கிகள் விற்கப்பட்டுக் கைமாறின.

மாநிலத் தேர்தல் முந்தினால் எங்கும் நல்லது என்று நான் சொல்ல வரவில்லை. யூகோஸ்லாவியாவில் 1990-ல் அந்தக் கூட்டமைப்பின் மாநிலங்களான குடியரசுகள் ஒவ்வொன்றும் பலகட்சித் தேர்தல் நடத்தின, கூட்டமைப்பு முழுமைக்கும் அப்படி ஒன்று நடக்கவே இல்லை. மத்தியில் இருந்தவர்களுக்கு மக்கள் ஆணை இல்லை. அடுத்த ஆண்டே நாடு உடையத் தொடங்கியது.

அதனால் உன் அட்டவணையை மாற்றிவிடு. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே ஓர் ஆண்டைப் போட்டிருக்கிறாய். மாநிலத் தேர்தல் நடந்த ஆண்டு, மத்தியத் தேர்தல் நடந்த ஆண்டு என இரண்டாகப் பிரி. பக்கத்திலேயே வரிப் பங்கையும் எழுது. நைஜீரியாவுக்கு மாநிலங்களின் எண்ணிக்கையையும் சேர்த்துக்கொள். திருத்தியதும் அனுப்பு, உடனே படிக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்