கயலுக்கு, படப்பிடிப்புக்கு முன்

அன்புள்ள கயல்,

அம்மா எழுதுகிறேன். நீ அனுப்பிய கேள்விகளைப் படித்தேன். சுனாமியில் பிள்ளைகளைப் பறிகொடுத்தவர்களைப் பற்றி ஆவணப்படம் எடுப்பதில் எனக்கு மறுப்பே இல்லை. 2004-ல் நாகை மாவட்டத்தில் மட்டும் 6,000 பேருக்கு மேல் போனார்கள். அலை வாரிக்கொண்டுபோன மீனவக் கிராமங்கள் அக்கரைப்பேட்டை, கீச்சாங்குப்பம் என்றால் என்னவென்றே தெரியாத தலைமுறை வந்துவிட்டது. நீ எடுக்கத்தான் வேண்டும். ஆனால் "அலை வந்தபோது பிள்ளை உங்கள் கையில் இருந்ததா?" என்ற கேள்வியை அடித்துவிடு. இருபது வருஷமாக அந்தத் தாய் ராத்திரியில் தன்னையே கேட்டுக்கொள்கிற கேள்வி அது.

ஒவ்வொரு டிசம்பர் 26-க்கும் இங்கே கேமராக்கள் வந்து இறங்கும். மெழுகுவத்தி ஏற்றுகிறவர்கள் முகத்துக்கு நேரே மைக்கை நீட்டுவார்கள். எதிர்வீட்டு அக்கா ஒரு வருஷம் எல்லாவற்றையும் சொல்லி அழுதுவிட்டு, அப்புறம் பல நாள் உலையே வைக்கவில்லை. படம் பிடித்தவர்கள் அன்று சாயங்காலமே கிளம்பிவிட்டார்கள். ஆஸ்பத்திரியில் நாங்கள் ஒரு புண்ணைப் பிரித்தால், திரும்பக் கட்டிவிட்டுத்தான் அடுத்த கட்டிலுக்குப் போவோம். நீயும் அப்படி இரு. பேச்சு முடிந்ததும் எழுந்துவிடாதே. இன்றைக்கு மீன் என்ன விலை, பேத்தி எப்படிப் படிக்கிறாள் என்று பேசி, அவர்களை இந்த நாளுக்குக் கூட்டி வந்துவிட்டுக் கிளம்பு.

சம்மதம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த நாட்களில் கேமராவும் நிவாரணமும் சேர்ந்தே வந்து பழகிய ஊர் இது. "சரிம்மா, எடுத்துக்கோ" என்று உடனே சொல்வார்கள். அதை நம்பிக் கையெழுத்து வாங்காதே. முதல் தடவை கேமரா இல்லாமல் வா. யூடியூபில் போடுவீர்களா, வெளிநாட்டில் காட்டுவீர்களா, பணம் வருமா, வராதா என்று விளக்கிச் சொல். எடிட் செய்ததை முதலில் அவர்களுக்குப் போட்டுக் காட்டு. அப்போது "இது வேண்டாம்" என்றால் எடுத்துவிட வேண்டும், எவ்வளவு நல்ல காட்சியாக இருந்தாலும்.

கடற்கரையில் உட்காரவைத்து எடுக்காதே. அலைச் சத்தம் கேட்டாலே இன்றைக்கும் சிலருக்குக் கை நடுங்கும். நேரமும் வரிசையும் மாற்றி மாற்றிச் சொன்னால் குறுக்கே திருத்தாதே, அதிர்ச்சியில் பதிந்த நினைவு அப்படித்தான் துண்டு துண்டாக வரும். பழைய செய்திப் படங்களில் சடலங்கள் தெரிகிற எதையும் சேர்க்காதே. பாவாடையின் கரையைப் பார்த்தே இன்னார் பிள்ளை என்று சொல்லக்கூடியவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

குடும்பக் கட்டுப்பாடு செய்திருந்த தாய்மார்களுக்கு மறுபடி பிள்ளை பிறக்க அரசாங்கமே அப்போது இலவசமாக அறுவைச் சிகிச்சை செய்ததே, அதைப் பற்றிப் பேசுகிறேன் என்கிறாள் எதிர்வீட்டு அக்கா. போன பிள்ளையைப் பற்றிப் பேச மாட்டாளாம். அதற்கு மேல் கேட்காதே. பிறகு பிறந்த பையன் இப்போது காலேஜில் படிக்கிறான். செத்துப்போன அண்ணனுக்குப் பதிலாக வந்தவன் என்று சின்ன வயதிலேயே அவனைப் படம் பிடித்துப் போட்டார்கள், அவனிடம் யாரும் கேட்கவில்லை. அவன் முகம் படத்தில் வரலாமா என்பதை அம்மாவிடம் கேட்காதே, அவனிடமே தனியாகக் கேள்.

டிசம்பரில் வராதே. பொங்கல் கழித்து வா, எதிர்வீட்டு அக்காவும் அப்போதுதான் தோதுப்படும் என்கிறாள்.

அன்புடன்,
அம்மா