பையனை ஒரே இடத்தில் நிற்க விடுங்கள்: கிரீன் பே பேக்கர்ஸுக்கு ஒரு திறந்த மடல்

2025 ஜூலை

மதிப்பிற்குரிய பேக்கர்ஸ் நிர்வாகத்தாருக்கும் பயிற்சியாளர்களுக்கும்,

நான் உங்கள் அமெரிக்க ஃபுட்பால் டீமின் முதலாளிகளில் ஒருவன். சிரிக்காதீர்கள். 2021-இல் 300 டாலர் கொடுத்து வாங்கிய ஒரே ஒரு பங்கு, ஃப்ரேம் போட்டு எங்கள் வீட்டு ஹாலில் தொங்குகிறது. டிவிடெண்ட் கிடையாது, விற்கவும் முடியாது. ஊரிலிருந்து வந்திருந்த மாமனார் அதை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "இந்தக் காசுக்கு அஞ்சு கிராம் தங்கம் வாங்கியிருக்கலாமே மாப்பிள்ளை" என்றார். என்னைப் போல ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பைத்தியங்கள் சேர்ந்துதான் இந்த டீமை வைத்திருக்கிறோம். அந்த உரிமையில் எழுதுகிறேன். தமிழில் எழுதினால் நீங்கள் படிக்க மாட்டீர்கள் என்று தெரியும். ஆனால் ஞாயிற்றுக்கிழமை மதியம் என் வீட்டு சோபாவில் உட்கார்ந்து உங்களைத் திட்டுகிறவர்கள் எல்லாம் தமிழர்கள். அவர்களும் கேட்கட்டும்.

விஷயம் மேத்யூ கோல்டன் பற்றியது.

ஏப்ரலில் டிராஃப்ட், அதாவது டீம்கள் கல்லூரி ஆட்டக்காரர்களை முறைவைத்து எடுக்கும் நிகழ்ச்சி, நம் ஊரிலேயே நடந்தது. லாம்போ ஸ்டேடியத்துக்கு வெளியே போட்ட மேடையில் 23-ஆவது பெயராக டெக்சாஸ் பல்கலைக்கழகத்தின் வைட் ரிசீவர் (எறியும் பந்தை ஓடிப் பிடிப்பவர்) கோல்டனை அறிவித்தபோது எழுந்த சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. இருக்காதா பின்னே? முதல் சுற்றில் நீங்கள் கடைசியாக ஒரு ரிசீவரை எடுத்தது 2002-இல். அந்த வருடம் பிறந்த பிள்ளைகள் இப்போது பீர் வாங்கும் வயதைத் தாண்டிவிட்டார்கள். கோல்டன் 40 யார்டை 4.29 விநாடியில் ஓடுகிற பையன். போன சீசனில் டெக்சாஸுக்காக 58 பந்து பிடித்து 987 யார்டு முன்னேறினார், எல்லைக்கோட்டைத் தாண்டி எடுத்தது 9 டச்டவுன். அரிசோனா ஸ்டேட்டுக்கு எதிரான பீச் பவுல் ஆட்டத்தில் ஓவர்டைம், கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சி, தேவை 13 யார்டு. தோற்றுவிட்டார்கள் என்று நினைத்த நேரத்தில் டச்டவுன் பிடித்தது இவர்தான்.

அதனால்தான் பயமாக இருக்கிறது. 2021-இல் டவான்டே ஆடம்ஸ் எடுத்த 1,553 யார்டுக்குப் பிறகு நம் டீமில் எந்த ரிசீவரும் ஒரு சீசனில் ஆயிரத்தைத் தொடவில்லை. போன சீசனில் அதிகம் எடுத்த ஜேடன் ரீடுக்கே 857தான். அந்தப் பசியை எல்லாம் இந்த ஒரு பையன் தலையில் கொட்டப் போகிறோம். எங்கள் சோபாவில் இப்போதே பந்தயம் ஓடுகிறது: முதல் வருடமே ஆயிரம் அடிப்பாரா, மாட்டாரா?

உங்களிடம் நான் கேட்பது பொறுமை. அதை உங்களுக்குக் கற்றுக்கொடுக்க நான் யார்? பந்தை எறியும் குவார்ட்டர்பேக் விஷயத்தில் பொறுமைக்கே நீங்கள்தான் இலக்கணம். 2005-இல் எடுத்த ஆரன் ராட்ஜர்ஸை மூன்று வருடம் உட்கார வைத்தீர்கள். 2020-இல் எடுத்த ஜோர்டன் லவ்வையும் மூன்று வருடம். 2023-இல் லவ் முழுநேரம் ஆட வந்து, டீம் இரண்டு வெற்றி, ஐந்து தோல்வி என்று தடுமாறியபோதுகூட யாரும் அவரைக் கீழே இறக்கவில்லை. சீசன் முடிகையில் 32 டச்டவுன் எறிந்திருந்தார், பிளேஆஃபில் டாலஸை அவர்கள் மைதானத்திலேயே அடித்தோம். அந்தப் பொறுமை ரிசீவர்களுக்கு மட்டும் ஏன் கிடைப்பதில்லை என்பதுதான் என் கேள்வி.

உங்கள் சொந்தக் கணக்கையே எடுத்துப் பாருங்கள். ஸ்டெர்லிங் ஷார்ப், 1988-இல் ஏழாவது ஆளாக எடுத்தவர்: முதல் வருடம் ஒரே ஒரு டச்டவுன், அடுத்த வருடம் 90 பந்து, 1,423 யார்டு. இந்த ஆகஸ்டில் ஹால் ஆஃப் ஃபேமுக்குள் போகிறார். 2002-இல் எடுத்த ஜேவன் வாக்கர் மூன்றாவது வருடத்தில்தான் 1,382. டொனால்ட் டிரைவர் ஏழாவது சுற்றில் வந்து முதல் வருடம் மொத்தமே மூன்று பந்து பிடித்தார். ஆயிரம் யார்டைத் தொட்டது நான்காவது வருடம். ஜோர்டி நெல்சனுக்கும் அதே நான்காவது வருடம், 2011, 15 டச்டவுன்.

ஆடம்ஸ் கதையைக் கொஞ்சம் நிறுத்திச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் எங்கள் வாயும் இருக்கிறது. 2014-இல் இரண்டாம் சுற்றில் வந்தார். முதல் வருடம் 446 யார்டு. அடுத்த ஆகஸ்டில் பயிற்சி ஆட்டத்தில் நெல்சனின் முழங்கால் போனது. திடீரென்று இவர் தலையில் பெரிய சுமை, போதாததற்குக் கணுக்கால் காயம். 2015 முழுக்க 483 யார்டு, ஒரே டச்டவுன், கையில் பட்டு நழுவிய பந்துகள் எத்தனையோ. "இவனை வெட்டி விடுங்கப்பா" என்று கத்தியவர்களில் நானும் உண்டு, ஒப்புக்கொள்கிறேன். 2016-இல் அதே ஆள் 997 யார்டு, 12 டச்டவுன். 2020-இல் 18. அவரை 2015 டிசம்பரில் எங்கள் பேச்சைக் கேட்டு அனுப்பியிருந்தால் அடுத்த ஆறு வருடம் ராட்ஜர்ஸ் யாருக்கு எறிந்திருப்பார் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது.

வேறு டீம்களில் ஜஸ்டின் ஜெஃபர்சன் முதல் வருடமே 1,400 எடுக்கவில்லையா, ஜமார் சேஸ் 1,455 எடுக்கவில்லையா, ஐந்தாவது சுற்றில் வந்த பூக்கா நக்குவா 1,486 எடுக்கவில்லையா என்று சோபாவிலிருந்து குரல் வரும். எடுத்தார்கள்தான். ஆனால் சேஸ் எப்படித் தொடங்கினார் என்பதை மறந்துவிடுகிறோம். 2021 ஆகஸ்டில் ஒரு பயிற்சி ஆட்டத்தில் தொடர்ந்து மூன்று பந்தை நழுவவிட்டார். கல்லூரிப் பந்தில் வெள்ளைக் கோடு இருக்கும், இங்கே இல்லை, கண்ணுக்குப் பிடிபடவில்லை என்று அவர் சொன்னபோது நாடே சிரித்தது. அவருடைய டீமான சின்சினாட்டி சிரிக்கவில்லை. முதல் ஆட்டத்திலேயே அவருக்கு எறிந்தார்கள், நூறு யார்டு எடுத்தார்.

பந்தில் கோடு இல்லாதது ஒரு சின்ன உதாரணம்தான். பந்தைப் பிடிக்கும்போது கல்லூரியில் ஒரு கால் கோட்டுக்குள் பட்டால் போதும், இங்கே இரண்டு காலும் பட வேண்டும். மைதானத்தின் நடுவில், பந்தை எந்த எல்லைக்குள் வைக்கலாம் என்று காட்டும் இரண்டு வரிசை ஹாஷ் கோடுகள் கல்லூரியில் 40 அடி தள்ளி, இங்கே பதினெட்டரை அடிதான். அதனால் ஒவ்வொரு ஸ்னாப்பும் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) ஏறக்குறைய நடுவிலிருந்தே தொடங்கும். கல்லூரியில் ஒரு பக்கம் விரிந்து கிடந்த இடம் இங்கே கிடையாது. ஓடும் வழியையும் ஓடிக்கொண்டேதான் தேர்ந்தெடுக்க வேண்டும். எதிரணியின் கடைசிக் காவலரான சேஃப்டி ஒருவர் பின்னால் நடுவில் நின்றால் ஒரு வழி, இரண்டு பேர் பிரிந்து நின்றால் வேறு வழி. ஸ்னாப்புக்குப் பிறகு அவர்கள் வேஷம் கலைத்து இடம் மாறுவார்கள். அதை கோல்டன் ஓட்டத்திலேயே படிக்க வேண்டும், அதே நொடியில் லவ்வும் அதையே படித்திருக்க வேண்டும். பையன் திரும்பும் முன்பே பந்து கையை விட்டுப் போயிருக்கும். பதினைந்தாவது யார்டில் திரும்ப வேண்டியவர் பதிமூன்றில் திரும்பினால் பந்து எதிராளி கையில். டிவியில் பார்க்கும் நாங்கள் "லவ் என்னடா இப்படி எறியறான்" என்போம்.

இரண்டு வருடத்துக்கு முன் ரே நிட்ச்கி மைதானத்தில் டீமின் பயிற்சி கேம்ப் பார்க்க மகளோடு போயிருந்தேன். ஆட்டக்காரர்கள் குழந்தைகளின் சைக்கிளை வாங்கி ஓட்டிக்கொண்டு மைதானத்துக்குப் போவது நம் ஊரின் பழைய வழக்கம். ஹெல்மெட்டைத் தூக்கிக்கொண்டு குழந்தை பக்கத்தில் ஓடும். என் மகள் சைக்கிள் ஊதா நிறம். மினசோட்டா வைக்கிங்ஸ் நிறம்! ஒருவரும் தொடவில்லை. கடைசியில் டிராஃப்டில் யாரும் எடுக்காத ஒரு புது ரிசீவர் பாவப்பட்டு வாங்கிக்கொண்டார். அதனால் அன்று முழுக்க அவரைத்தான் பார்த்தோம். ரிசீவரைத் தடுக்கும் கார்னர்பேக் அவரோடு மூக்குக்கு மூக்கு நிற்கிறார். முதல் ஐந்து யார்டுக்குள் கையால் அடித்துத் தள்ள அனுமதி உண்டு. விசில் அடித்ததும் நம் ஆள் வெளியே ஓரடி போலி வைத்தார், கார்னர் அசையவில்லை, நெஞ்சில் இரண்டு கையும் விழுந்தது, அங்கேயே முடிந்தது. மறுபடி. மறுபடி. ஐந்தாவது தடவை போலியை விட்டுவிட்டு, அந்தக் கை நீளும் நேரத்தில் மணிக்கட்டைத் தட்டிவிட்டு உள்ளே நுழைந்தார். வேலியோரம் நின்ற ஒரு பெரியவர், "நவ் ஹி இஸ் லிசனிங்" என்று முணுமுணுத்தார். அடுத்த முறை அவரை வேறு இடத்தில், உள்பக்கம் நிறுத்தினார்கள். அங்கே கார்னர் எட்டு யார்டு தள்ளி நின்றார். கற்றுக்கொண்டது அன்றைக்கு மறுபடி வேலைக்கு வரவே இல்லை. அந்தப் பையன் டீமில் நிலைக்கவில்லை. அதற்கு இதுதான் காரணம் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அந்தக் காட்சி மனதை விட்டுப் போகவில்லை.

இதனால்தான் கேட்கிறேன்: இந்த வருடம் கோல்டனை ஒரே இடத்தில் நிறுத்துங்கள். தலைமைப் பயிற்சியாளர் லாஃப்ளூர் அவர்களே, உங்கள் ஆட்டத்தில் எல்லோரும் எல்லா இடத்திலும் நிற்பார்கள், ஸ்னாப்புக்கு முன் குறுக்கே ஓடுவார்கள், எதிராளிக்குத் தலை சுற்றும். அழகுதான். புதுப் பையனுக்கும் சேர்ந்து சுற்றும். வேகம் இருக்கிறதே என்று ரிவர்ஸ், ஸ்கிரீன், கிக் ரிட்டர்ன் என்று சில்லறை வேலை கொடுத்து ஹைலைட் எடுக்காதீர்கள். கிக் ரிட்டர்னுக்கு வேறு ஆட்கள் இருக்கிறார்கள். இவருக்கு ஒரு பக்கம், பத்துப் பன்னிரண்டு ரூட் (ஓடும் வழி), எதிரே முகத்துக்கு நேராக ஒரு கார்னர். அதில் தோற்கட்டும், மறுபடி நிற்கட்டும்.

இன்னொன்று, குவார்ட்டர்பேக்குக்குக் காட்டும் பொறுமையை அப்படியே ரிசீவருக்கும் காட்டி பெஞ்சில் உட்கார வைத்துவிடாதீர்கள். குவார்ட்டர்பேக் பார்த்துக் கற்கலாம். ரிசீவர் கற்பதில் பாதி இன்னொரு ஆளின் கையில் இருக்கிறது. லவ் எறிந்து எறிந்துதான் அந்த நொடிக்கணக்கு உடம்பில் ஏறும். நம் ரிசீவர் கிறிஸ்டியன் வாட்சனை நினைத்துப் பாருங்கள். 2022-இல் முழங்கால் சிகிச்சையால் கேம்பின் முதல் வாரங்கள் போயின. மினசோட்டாவில் முதல் ஆட்டம், நம் முதல் பிளே, ராட்ஜர்ஸ் எறிந்த நீளப் பந்து நேராகக் கையில் வந்தது, முன்னால் ஒருவரும் இல்லை, 75 யார்டு. நழுவிவிட்டது. நவம்பரில் டாலஸுக்கு எதிராக மூன்று டச்டவுன், நான்கே ஆட்டத்தில் மொத்தம் எட்டு. ஆள் மாறவில்லை, கையும் மாறவில்லை. இடையில் ராட்ஜர்ஸோடு இரண்டு மாதம் ஓடியிருந்தார், அவ்வளவுதான். கோல்டனும் ஒன்றை நழுவவிடுவார். நாங்கள் கத்துவோம். அடுத்த முறை பந்து நம் டீமுக்கு வந்ததுமே அவருக்கு மறுபடி எறியுங்கள்.

கடைசியாக, சொல்லிக்கொடுக்க மூத்தவர் யார்? டிரைவர் இருந்தபோது நெல்சன் வந்தார், நெல்சன் இருந்தபோது ஆடம்ஸ் வந்தார். ராண்டல் காப் 2022 வரை இருந்தார். அதற்குப் பிறகு ரிசீவர்கள் உட்காரும் அறையில் எல்லோரும் ஒரே வயது. எல்லோருக்கும் அவரவர் ஒப்பந்தக் கவலை, வாட்சன் வேறு ஜனவரியில் முழங்கால் தசைநார் கிழிந்து தேறி வருகிறார். முப்பது வயதைத் தாண்டிய ஒருவரை, அதிகம் ஆடாவிட்டாலும் பரவாயில்லை, அந்த அறைக்குள் கொண்டு வாருங்கள். முடியாவிட்டால் கான்சாஸில் விவசாயம் பார்க்கும் நெல்சனுக்கு ஒரு போன் போடுங்கள். அறுவடை முடிந்ததும் இரண்டு வாரம் வந்து போகட்டும், ஓரக்கோட்டில் இரண்டு கால் விரலையும் எப்படிப் பதிப்பது என்று காட்டட்டும். அதை அவரைவிட நன்றாகச் செய்த ஆளை நான் பார்த்ததில்லை.

கேம்ப் தொடங்கும் அன்று நாங்கள் வேலியோரம் நிற்போம். போன வாரம் மகளும் நானும் சேர்ந்து சைக்கிளுக்குப் பச்சை பெயிண்ட் அடித்துவிட்டோம். ஹேண்டில்பாரில் கொஞ்சம் ஊதா தெரிகிறது, கோல்டன் கண்டுகொள்ள மாட்டார் என்று நம்புகிறாள்.

இப்படிக்கு,
ஒரு பங்குக்காரன்
ஆப்பிள்டன், விஸ்கான்சின்