சீசனிலும் எங்களுக்கு ஒரு மேசை: உதகை ஹோட்டல்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

உதகையில் ஹோட்டலும் மெஸ்ஸும் நடத்தும் முதலாளிகள் அனைவருக்கும் வணக்கம்.

சீசன் என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. ஏப்ரல் பிறந்ததும் மெனு கார்டு மாறுவதும், வாசலில் இருந்த 'இட்லி, பொங்கல்' பலகை உள்ளே போவதும், டீ விலை ஏறுவதும் வருஷா வருஷம் நடப்பதுதான். நானும் பொறுத்துக்கொண்டு போனவள்தான். இந்த மே மாதம் நடந்ததற்கு அப்புறம் எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் அம்மா நடுவட்டத்தில் டேன்டீ என்னும் அரசுத் தேயிலைத் தோட்டத்தில் முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். இப்போது சர்க்கரை நோய். மாதம் ஒரு முறை ஊட்டிக்கு வந்து பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க வேண்டும். வெறும் வயிற்றில் ஒரு தடவை, சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து இன்னொரு தடவை. பூக்கண்காட்சி நடந்த வாரம் அது. விடியற்காலையில் பஸ் ஏறியும், வழியில் தலைகுந்தாவில் வண்டிகள் வரிசைகட்டி நின்றதில், ரத்தம் கொடுத்து முடிக்க ஒன்பதரை ஆகிவிட்டது. வழக்கமாகப் போகும் ஹோட்டலுக்குப் போனோம். ஒரு கடையோடு முடிகிற விஷயம் இல்லை என்பதால் பெயர் சொல்லவில்லை.

அம்மாவுக்கு ஆஸ்பத்திரி நாள்தான் ஹோட்டல் நாள். அடுத்தவர் சமைத்து, இலை போட்டு, தனக்குப் பரிமாறுவது மாதத்தில் அந்த ஒரு வேளைதான். நல்ல சேலையை அதற்கென்றே எடுத்து வைத்திருப்பார்.

உட்கார்ந்ததும் சுடுதண்ணி வைத்தார்கள். அம்மா குடிக்கவில்லை. டம்ளரை இரண்டு கையாலும் பொத்திப் பிடித்துக் கையைச் சூடாக்கிக்கொண்டிருந்தார். சப்ளையர் தம்பி வந்தார். "இட்லி தனியா கிடையாதுக்கா. பஃபே மட்டும்தான், ஆளுக்கு இருநூத்தம்பது. இந்த டேபிளுக்கு குரூப் வருது" என்றார். சர்க்கரைக்காரங்க தம்பி, ரெண்டு இட்லி போதும், பத்து நிமிஷத்தில் எழுந்துவிடுகிறோம் என்றேன். அவருக்கும் சங்கடம்தான், கல்லாப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அங்கிருந்து வேண்டாம் என்று தலையாட்டினார்கள். தம்பி அம்மா கையிலிருந்த டம்ளரை மெதுவாக வாங்கிக்கொண்டு மேசையைத் துடைத்தார். அம்மா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து, நாற்காலியை மேசைக்கு அடியில் ஒழுங்காகத் தள்ளிவைத்துவிட்டு வெளியே வந்தார்.

அடுத்த இரண்டு கடையிலும் வாசல்வரை கூட்டம். அதற்குள் அம்மாவுக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது. கடைசியில் ஒரு டீக்கடை ஓரமாக நின்றபடி பன் சாப்பிட்டார். சர்க்கரை நோயாளிக்கு மைதா பன். இரண்டாவது ரத்தம் கொடுக்க நேரம் தவறிப்போய், மறு வாரம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதாயிற்று. எனக்கு ஒரு நாள் கூலி போனது. அது போகட்டும். "அவங்களுக்கு வியாபாரம் இருக்கில்ல, நாமதான் வந்திருக்கக் கூடாது" என்று பஸ்ஸில் அம்மா சொன்னதுதான் எனக்கு ஆறவில்லை. தன் ஊர் ஹோட்டலுக்கு ஏன் அவர் வந்திருக்கக் கூடாது?

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. ஏப்ரல், மே இரண்டு மாதமும் ஒவ்வொரு கடையிலும் உள்ளூர் ஆட்களுக்கு ஒரு மேசை. அதில் காலையில் இட்லி, மதியம் சாதாரணச் சாப்பாடு, மற்ற மாதங்களில் விற்கும் அதே விலைக்கு. அவ்வளவுதான்.

உங்கள் சிரமம் தெரியாமல் பேசவில்லை. 2,240 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரிக்குள்ளேயே கொதித்துவிடுகிறது. பருப்பு வேக நேரமாகும், கேஸ் கூடுதலாகப் போகும். இந்தக் குளிரில் மாவு புளிக்க அடுப்போரம் வைத்துக் காவல் காக்க வேண்டும். வாடகை, சீசன் ஆட்களின் சம்பளம் எல்லாம் உண்டு. ஊட்டிக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ். அடுத்த வருஷச் சீசனில் வார நாளில் 6,000 வண்டி, சனி ஞாயிறில் 8,000 என்று கோர்ட் கணக்கு வைத்ததில் உங்களுக்கு வருத்தம் இருப்பதும் தெரியும். ஆனால் 2020-ல் பூங்காவும் படகு இல்லமும் பூட்டிக் கிடந்தபோது உங்கள் கடையில் பார்சல் வாங்கியவர்கள் யார்? ஜூலை மழையில், ஊரே வெறிச்சோடிக் கிடக்கும்போது, மதியம் உங்கள் மேசையில் உட்காருபவர்கள் யார்? நாங்கள்தான்.

இந்த ஊரில் வெளியே சாப்பிடுவது எங்களுக்கும் ஆசைதான். நாலு மணிக்குத் தூறல் போட்டால் டீயில் வர்க்கியை நனைத்துத் தின்னாமல் எங்களுக்கு இருப்புக் கொள்ளாது. சின்ன வயதில் மாரியம்மன் தேருக்கு வந்தால் அப்பா ஒரு மசால் தோசை வாங்கி மூன்றாகப் பிய்த்துக் கொடுப்பார். ஊட்டி என்றால் எனக்கு இன்றும் அந்த வாசம்தான். இப்போது உங்கள் மெனுவில் பன்னீர் பட்டர் மசாலா இருக்கிறது, கோபி மஞ்சூரியன் இருக்கிறது. படுகர் வீட்டு அவரைக் குழம்பையும் ராகிக் களியையும் எந்தக் கார்டிலும் நான் பார்த்ததில்லை. இலங்கையிலிருந்து வந்த எங்கள் வீடுகளின் தேங்காய் ரொட்டியும் சம்பலும் கிடையாது. கோத்தகிரியில் காய்கறிக் கண்காட்சி வைத்து ஊருக்கெல்லாம் காட்டுகிறோம். அந்தக் காய்களை விளைவித்தவர்கள் சமைப்பதற்கு மட்டும் ஒரு தட்டில்கூட இடமில்லை. வீடுகளெல்லாம் காட்டேஜாகி, வாடகைக்கு வீடு கிடைக்காமல் எத்தனை பேர் ஊரைவிட்டு வெளியே போய்விட்டார்கள். இனி சோற்றுக்கும் வெளியேதான் போக வேண்டுமா?

மன்னியுங்கள், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். வீட்டுப் பிரச்சினையை நீங்கள் தீர்க்க முடியாது. மேசையை உங்களால் ஒதுக்க முடியும். நீங்கள் எல்லோரும் கூடிப் பேசினால் ஒரே நாளில் முடிகிற காரியம். ஆஸ்பத்திரிச் சீட்டோ பஸ் பாஸோ காட்டச் சொன்னாலும் காட்டுகிறோம். பத்து நிமிஷத்துக்கு மேல் உட்கார மாட்டோம்.

அடுத்த மே மாதமும் அம்மா ரத்தம் கொடுக்க வருவார். ஒன்பதரை மணிக்கு உங்களில் யாராவது ஒருவர் கடைக்குத்தான் வருவோம். இரண்டு இட்லியும் ஒரு டம்ளர் சுடுதண்ணியும் போதும். தயவுசெய்து ஒரு மேசை வையுங்கள்.

இப்படிக்கு,
நடுவட்டத்திலிருந்து தினமும் ஊட்டிக்கு வேலைக்கு வரும் ஒரு தையல்காரி