கடலோர அங்கன்வாடிகளில் வாரம் இரண்டு நாள் மீன் வழங்கக் கோரும் மனு

அனுப்புநர்:
அங்கன்வாடிக் குழந்தைகளின் தாய்மாரும் மீன் விற்கும் பெண்களும்,
நீரோடி முதல் இரயுமன்துறை வரையுள்ள கடற்கரை ஊர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம்.

பெறுநர்:
மாவட்ட ஆட்சித் தலைவர் அவர்கள்,
கன்னியாகுமரி மாவட்டம், நாகர்கோவில்.

பொருள்: எல்லையோர எட்டு ஊர்களின் அங்கன்வாடி, சத்துணவு மையங்களில் உள்ளூர் மீனைச் சேர்ப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு வணக்கம்.

கேரளத்தின் பொழியூரைத் தாண்டியதும் வருவது நீரோடி. அங்கிருந்து மார்த்தாண்டன்துறை, வள்ளவிளை, இரவிபுத்தன்துறை, சின்னத்துறை, தூத்தூர், பூத்துறை, இரயுமன்துறை என்று எட்டு ஊர்களும் அடுத்தடுத்து இருக்கின்றன. எங்கள் வீட்டு ஆண்கள் ஆழ்கடலில் சூரை, கேரை என்ற பெரிய மீன்களைப் பிடிப்பவர்கள். ஆனால் விசைப்படகுகள் பெரும்பாலும் கொச்சியில்தான் கரை சேர்கின்றன. தேங்காப்பட்டணம் மீன்பிடித் துறைமுகத்தின் முகத்துவாரத்தில் மணல் அடைவதால் நேர்ந்த உயிரிழப்புகளைத் தாங்கள் அறிவீர்கள். அதற்குத் தனி மனு உண்டு. இங்கே கரைக்கு வரும் நல்ல மீன் ஏலத்திலேயே வெளியூர் போய்விடுகிறது. சாளை (மத்தி) மலிவாகக் கிடைக்கும் நாளில் மீன்மாவு ஆலைக்கு லாரி வந்து நிற்கிறது. அப்பா கடலுக்குப் போயிருக்கும் வாரங்களில் பல வீடுகளில் பிள்ளைகளுக்கு ரசமும் சோறும்தான். 2017 ஒக்கிப் புயலில் அப்பாவையே இழந்த வீடுகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வு, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு இரத்தசோகை என்கிறது. கடலை வாசலில் வைத்துக்கொண்டு நம் பிள்ளைகளும் இந்தக் கணக்கில் சேர்வதை எங்களால் பொறுக்க முடியவில்லை.

நமக்குத் தென்மேற்கே இருக்கும் மாலத்தீவைப் பாருங்கள். ஏறத்தாழ 1,200 சிறு தீவுகள், ஐந்து லட்சத்துச் சொச்சம் மக்கள். பயிரிட நிலம் மிகக் குறைவு. அரிசியும் மாவும் கப்பலில் வர வேண்டும். அவர்கள் உடம்பில் புரதம் சேர்வது பெரும்பாலும் சூரை மீனால்தான். காலையிலேயே சூரையை உதிர்த்து, தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய், எலுமிச்சைச் சாறு சேர்த்துப் பிசைந்து ரொட்டியோடு சாப்பிடுகிறார்கள். அதற்கு மாஸ் ஹுனி என்று பெயர். மதியத்துக்கு மீனை வேகவைத்த தெளிந்த சாறும் சோறும். வலை வீசாமல் தூண்டிலால் ஒவ்வொன்றாகப் பிடிக்கிறார்கள். வேகவைத்துப் புகையூட்டி வெயிலில் காயவைத்தால் அதுவே மாசி. ஐஸ் இல்லாமல் மாதக்கணக்கில் இருக்கும். ஏற்றுமதியும் அவர்களுக்கு உண்டு. ஆனால் அதற்காக வீட்டு அடுப்புக்கு மீன் போகாமல் நிற்பதில்லை. நமது இலட்சத்தீவிலும் பள்ளி மதிய உணவில் மீன் இருக்கிறது.

இது நமக்குப் புதிய பழக்கமும் இல்லை. இரண்டாம் உலகப் போரில் பர்மா அரிசி நின்றபோது நம் பகுதியும் சேர்ந்திருந்த திருவிதாங்கூரின் மக்கள் உயிர்பிழைத்தது மரச்சீனி (மரவள்ளி) கிழங்கால். கிழங்கில் புரதம் நூறு கிராமுக்கு ஒன்றரை கிராம்கூடத் தேறாது. அந்தக் குறையை ஈடுகட்டியது கூடவே இருந்த சாளைக் கறி. பச்சை மீனில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் உண்டு. காய்ந்த நெத்திலியில் அதைப்போல இரண்டு மூன்று மடங்கு. முள்ளோடு தின்பதால் சுண்ணாம்புச் சத்தும் சேர்கிறது. எங்கள் வீடுகளில் நெத்திலியின் தலையைக் கிள்ளிவிட்டு, எண்ணெய் இல்லாத சட்டியில் மொறுமொறுப்பாக வறுத்து, தேங்காய், வற்றல் மிளகாய், கொஞ்சம் புளி வைத்து அம்மியில் சம்மந்தி (துவையல்) அரைப்போம். மிளகாயைக் குறைத்தால் மூன்று வயதுப் பிள்ளையும் சோற்றில் பிசைந்து தின்னும். சத்துணவு மையத்தில் இதைச் செய்யக் கூடுதல் அடுப்புகூட வேண்டாம்.

ஆபத்துகளை நாங்கள் மறைக்கவில்லை. சுறா, பெரிய கேரை போன்றவற்றில் பாதரசம் சேர்ந்திருக்கும். அவை குழந்தைகளுக்கு வேண்டாம். சாளை, நெத்திலி, அயிலை (கானாங்கெளுத்தி) போன்ற சிறுமீன்களே போதும். ஐஸ் தவறினால் சாளையும் அயிலையும் உடம்பில் தடிப்பும் வாந்தியும் உண்டாக்கும். 2018-இல், கெடாமல் இருக்க ஃபார்மலின் என்ற நச்சு வேதிப்பொருள் கலந்த மீனைக் கேரள அதிகாரிகள் எல்லைச் சோதனைச் சாவடியில் பிடித்ததையும் நாங்கள் மறக்கவில்லை. ஆகவே வெளியூர் மொத்த வியாபாரியிடம் டெண்டர் விடாமல், அன்றன்று கரையில் வாங்கும் எங்கள் ஊர்ப் பெண்களிடமே மீனை எடுக்க வேண்டும். கருவாட்டை மணலில் காயப்போடாமல் உயர்த்திக் கட்டிய வலைப்பரணில், உப்புப் போடாமல் உலர்த்தித் தருகிறோம். பரண் அமைக்கவும் ஐஸ் பெட்டி வாங்கவும் மீன்வளத் துறையும், மாதிரி எடுத்துச் சோதிக்க உணவுப் பாதுகாப்புத் துறையும் உதவினால் போதும். மேற்குக் கரையில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை விசைப்படகுகளுக்குத் தடை என்பதால், பள்ளி திறக்கும் அந்த இரண்டு மாதமும் கருவாடு கைகொடுக்கும்.

இப்போது தரும் முட்டையைக் குறைக்க வேண்டாம் என்பதில் நாங்கள் உறுதியாக இருக்கிறோம். மீன் அதற்கு மேல் வர வேண்டும். மீன் உண்ணாத பிள்ளைகளுக்கு அந்த நாளில் சுண்டல் தரலாம்.

எட்டு ஊர்களிலும் ஆறு மாதத்துக்குச் சோதனையாக வாரம் இரண்டு நாள் மீன் வழங்க ஆணையிடுமாறும், தொடக்கத்திலும் முடிவிலும் குழந்தைகளின் எடை, உயரம், இரத்தத்தின் ஹீமோகுளோபின் அளவு ஆகியவற்றைப் பதிவு செய்யச் சொல்லுமாறும், அடுத்த மீனவர் குறைதீர் கூட்டத்தில் எங்களில் சிலர் நேரில் வந்து பேச அனுமதிக்குமாறும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
எட்டு ஊர்த் தாய்மாரும் மீன் விற்கும் பெண்களும்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)