ஜொசையா ஹென்சன் புத்தகத்துக்கும் டிரெஸ்டன் பயணத்துக்கும் கைகொடுங்கள்

உறவுகளே, இரண்டு வேலைக்குக் காசு சேர்க்கிறோம். அமெரிக்காவில் அடிமையாயிருந்து தப்பிக் கனடா வந்த ஜொசையா ஹென்சன் பற்றித் தமிழில் ஒரு சிறு புத்தகம் அச்சடித்து இங்குள்ள தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கொடுப்பது, அப்புறம் அதே பிள்ளைகளை பஸ்ஸில் தென்மேற்கு ஒன்ராறியோவிலுள்ள டிரெஸ்டன் ஊருக்குக் கூட்டிப்போய் அவர் வாழ்ந்த வீட்டைக் காட்டுவது. ரொறன்ரோவிலிருந்து ஒரு நாளில் போய்வரலாம், ஆனாலும் நம்மில் பலர் அந்தப் பக்கம் எட்டியும் பார்த்ததில்லை.

1789இல் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தவர் ஹென்சன். தாயைத் தாக்கிய மேற்பார்வையாளனை அடித்ததற்காகத் தந்தைக்கு நூறு சவுக்கடி, ஒரு காதையும் அறுத்தார்கள். பிற்பாடு மெதடிஸ்ட் என்ற கிறிஸ்தவ சபையின் போதகரான ஹென்சன், சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் தன்னையே விலை கொடுத்து மீட்கப் பார்த்தார். 450 டொலர் என்று பேசிய எசமான் கடைசியில் 1,000 என்று ஏமாற்றினான். 1830இல் மனைவியையும் நான்கு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கென்டக்கியிலிருந்து தப்பி, சின்னவர்கள் இருவரையும் முதுகுப் பையில் சுமந்தபடி இரவிரவாக நடந்து, ஒக்டோபர் கடைசியில் நயாகரா ஆற்றைக் கடந்து கனடாக் கரைக்கு வந்து சேர்ந்தார்.

வந்தவர் தோட்டக் கூலியாகத்தான் தொடங்கினார். எழுத்துக் கற்றுக்கொடுத்தது அவருடைய மூத்த மகன்! 1841இல் டிரெஸ்டன் அருகே 200 ஏக்கர் காணி வாங்கி, மறு ஆண்டே அவரும் கூட்டாளிகளும் தொழிற்பள்ளி திறந்தார்கள், அதைச் சுற்றி வயலும் மர ஆலையுமாக டோன் (Dawn) என்ற கறுப்பினத்தவர் குடியேற்றம் வளர்ந்தது. அங்கு அறுத்த வால்நட் பலகைகளை 1851 லண்டன் கண்காட்சிக்கே கொண்டுபோனார்.

பலர் அவரை ‘அங்கிள் டாம்ஸ் கேபின்’ என்ற பிரபல நாவலின் நாயகனுக்கு முன்மாதிரி என்று மட்டும் அறிவார்கள். எங்களுக்கு அது போதாது. 1825இல் எசமான் சொல்படி பதினெட்டு அடிமைகளைக் கென்டக்கிக்குக் கூட்டிப்போனபோது, சுதந்திர மண்ணான ஒஹாயோவில் அவர்களைத் தங்கவிடாமல் தடுத்தவரும் இவரே. பின்னாளில் அதற்காக மிகவும் வருந்தினார். அதையும் புத்தகத்தில் மறைக்காமல் எழுதுகிறோம்.

இன்னொன்று. டோன் காணியே நன்கொடையில் வாங்கியதுதான், இங்கிலாந்தில் குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் சேர்த்த பணம். ஆனால் கடனும் கணக்குச் சண்டையும் முற்றி 1868இல் பள்ளி மூடப்பட்டது. அதனால் நம் வரவு செலவை, அச்சகப் பில், பஸ் வாடகை உட்பட, கொடுத்த எல்லோருக்கும் அனுப்புவோம்.

ஐந்து டொலரோ ஐம்பதோ, முடிந்ததைத் தாருங்கள். காசு சிரமம் என்றால் பயணத்தன்று பிள்ளைகளுக்குச் சாப்பாடு கட்டித் தரலாம், மெய்ப்புப் பார்க்கலாம். புத்தகத்தில் பெயர் வேண்டாம் என்பவர்கள் பணம் தரும்போதே சொல்லிவிடுங்கள்.